வீட்டுக்குள் ஒரு பார் கவுன்டர்: அறையின் அளவுக்கேற்பத் திட்டமிட்டுக் கட்டும் முறை

வீட்டில் பார் கவுன்டர் அமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் படங்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கைப்பேசியில் சேமித்து வைத்த படங்களை ஆசாரியிடம் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்தப் படங்களில் இருப்பவை பெரிய கூடங்களிலோ தனி வீடுகளின் கீழ்த்தளத்திலோ கட்டப்பட்டவை. நம் அடுக்குமாடி வீடுகளில் இதற்கென ஒதுக்க முடிவது அதிகம் போனால் 10க்கு 12 அடி அறை ஒன்று. பலருக்குக் கூடத்தின் ஒரு மூலைதான் வாய்க்கும். அந்த இடத்தில் படத்தில் பார்த்ததை அப்படியே கொண்டுவந்து பொருத்தினால், உட்கார்ந்திருப்பவர் எழுந்து வழிவிட்டால்தான் இன்னொருவர் கடக்க முடியும் என்ற நிலையும், உள்ளே நிற்பவர் குளிர்பெட்டியின் கதவைத் திறக்கவே இடமில்லாத நிலையும் வந்துவிடும்.

எனவே கவுன்டரின் நீளத்தையும் வடிவத்தையும் முதலில் முடிவு செய்யக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் அடிப்படை. கவுன்டருக்கு முன்னும் பின்னும் ஆட்கள் உட்காரவும் நிற்கவும் நடக்கவும் தேவையான வெற்றிடத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மிஞ்சுகிற இடத்தைத்தான் மரத்துக்கும் கல்லுக்கும் கொடுக்க வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊரில், அடுக்குமாடி வீடொன்றின் 10க்கு 12 அடி அறையை எடுத்துக்காட்டாக வைத்து, முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவருக்குப் புரியும்படி ஒவ்வொரு கட்டமாக விளக்குகிறேன்.

தொடங்கும் முன்

அந்த அறையை யார் யார், எத்தனை பேர், எவ்வளவு அடிக்கடி பயன்படுத்தப் போகிறார்கள் என்பதை வீட்டில் உள்ள எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். மாதத்துக்கு ஒரு முறை இரண்டு நண்பர்கள் வரும் வீட்டுக்கு ஆறு ஸ்டூல் போட்ட கவுன்டர் தேவையில்லை. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் உயரமான ஸ்டூலில் அவர்களால் ஏறி உட்கார முடியாது. கவுன்டரின் ஒரு முனையை 30 அங்குல உயரத்துக்குத் தாழ்த்தி, அங்கே சாதாரண நாற்காலி போட்டுக்கொள்ளும்படி அமைப்பது அவர்களுக்குச் செய்யும் நல்ல ஏற்பாடு. பழச்சாறும் நன்னாரி சர்பத்தும் சோடாவும் பரிமாறும் இடமாகவும் அது இருக்கப் போகிறது என்றால், அந்தத் தாழ்ந்த முனைதான் குழந்தைகளுக்கும் உதவும்.

சட்டத்தையும் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 21. 2003 முதல் மாநிலத்தில் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஒருவர் தன் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் வைத்துக்கொள்ளும் மதுவுக்கு வகைவாரியாக உச்சவரம்பு உண்டு. தற்போது நடைமுறையில் உள்ள அளவை மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அலமாரியின் கொள்ளளவை முடிவு செய்யுங்கள். அனுமதிக்கப்பட்ட அளவு சில புட்டிகள்தான் எனும்போது, அறுபது புட்டிகள் கொள்ளும் அலமாரியைக் கட்டி இடத்தையும் பணத்தையும் வீணாக்க வேண்டியதில்லை. விலை குறைவு என்று புதுச்சேரியிலிருந்து அனுமதியின்றிக் கொண்டுவருவதும், வீட்டில் வைத்துப் பிறருக்குக் காசுக்கு ஊற்றிக் கொடுப்பதும் குற்றம். வாடகை வீடாக இருந்தால் சுவரில் துளையிடும் முன் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெற்றுவிடுங்கள்.

உடலிலிருந்து எடுக்கும் அளவுகள்

பார் கவுன்டரின் அளவுகள் யாருடைய விருப்பத்துக்காகவும் உருவானவை அல்ல. நின்றுகொண்டு பரிமாறுபவரின் முழங்கையும், உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரின் தொடையும் முழங்காலும் தீர்மானித்த அளவுகள் அவை. விருந்தினர் பக்கத்து மேல்பலகையின் உயரம் தரையிலிருந்து 42 அங்குலம். இந்த உயரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரும் எதிரே நின்றிருப்பவரும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் முகம் பார்த்துப் பேச முடியும் என்பதே இதன் பயன். ஸ்டூலின் இருக்கை 30 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். இருக்கைக்கும் மேல்பலகைக்கும் இடையே 10 முதல் 12 அங்குலம் வரை இடைவெளி இருந்தால்தான் தொடை இடிக்காது. மேல்பலகை விருந்தினர் பக்கமாக 10 அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 12 இருந்தால் இன்னும் வசதி. அதற்குக் குறைந்தால் முழங்கால் முன்பலகையில் முட்டி, உட்கார்ந்திருப்பவர் பக்கவாட்டில் திரும்பிக்கொள்வார். பிறகு அந்த ஸ்டூலில் யாரும் அரை மணி நேரம் கூட நிம்மதியாக உட்கார மாட்டார்கள். ஒருவருக்கு 24 அங்குல அகலம் என்று கணக்கிடுங்கள். சுழலும் ஸ்டூலோ கைப்பிடியுள்ள ஸ்டூலோ என்றால் 28 முதல் 30 அங்குலம் தேவை.

உள்பக்கத்தில், கலக்கவும் நறுக்கவும் பயன்படும் வேலைமேடை தனியாகத் தாழ்வாக இருக்க வேண்டும். அதன் உயரத்துக்கு எளிய வழி ஒன்று உண்டு. அங்கே அதிக நேரம் நிற்கப் போகிறவரைச் செருப்பில்லாமல் நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 4 அங்குலத்தைக் கழித்துவிடுங்கள். பெரும்பாலும் 34 முதல் 36 அங்குலம் வரும். மேல்பலகை 42, வேலைமேடை 35 என்றால் நடுவே கிடைக்கும் 7 அங்குலத் தடுப்பு, ஈரத்துணியும் எலுமிச்சைத் தோலும் கிடக்கும் மேடையை விருந்தினர் கண்ணிலிருந்து மறைத்துவிடும். இதற்காகவே ஒற்றை மட்டக் கவுன்டரை விட இரட்டை மட்டக் கவுன்டரை நான் பரிந்துரைப்பேன்.

இனி வெற்றிடங்களுக்கு வருவோம். உள்ளே நிற்பவருக்குப் பின்பக்க அலமாரிக்கும் வேலைமேடைக்கும் இடையே 36 அங்குலம் விடுங்கள். 30 அங்குலத்திலும் ஒருவர் நிற்கலாம் என்றாலும், குனிந்து கீழ்த்தட்டிலிருந்து எதையாவது எடுக்கும்போது பின்புறம் இடிக்கும். சிறிய குளிர்பெட்டியின் கதவு மட்டுமே திறக்கும்போது 18, 19 அங்குலத்தை எடுத்துக்கொள்ளும் என்பதை மறக்கக் கூடாது. விருந்தினர் பக்கத்தில், மேல்பலகையின் விளிம்பிலிருந்து எதிர்ச்சுவர் வரை, பின்னால் யாரும் நடக்க வேண்டிய தேவை இல்லை என்றால் 32 அங்குலம் போதும். உட்கார்ந்திருப்பவரின் பின்னால் ஒருவர் கடந்து போக வேண்டும் என்றால் 44 அங்குலம் வேண்டும்.

இவற்றை எடுத்துக்காட்டு அறையில் பொருத்திப் பார்ப்போம். 12 அடி நீளம் என்பது 144 அங்குலம். பின்பக்க அலமாரியின் அடிப்பெட்டி 22, நடைவழி 36, வேலைமேடை 18, முன்பலகைச் சட்டகம் 4, வெளியே நீட்டம் 10, விருந்தினர் இடம் 44. கூட்டினால் 134 அங்குலம். மிஞ்சுவது 10 அங்குலம்தான். சுவரின் பூச்சும் கோணலும் அதில் இரண்டு அங்குலத்தை விழுங்கிவிடும். குறுக்கே 10 அடி, அதாவது 120 அங்குலம். உள்ளே போய்வர 30 அங்குல வழி விட்டால் கவுன்டருக்கு 90 அங்குலம் கிடைக்கும்; அதில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். நான்காவது ஸ்டூலைப் போட ஆறு அங்குலம் குறைகிறது. அந்த ஆறு அங்குலத்துக்காக உள்வழியைச் சுருக்காதீர்கள். தட்டோடு உள்ளே போகிறவர் தினமும் அதை உணர்வார்.

அறையின் நீளம் 10 அடிக்கும் குறைவு என்றால், ஆள் உள்ளே நிற்கும் கவுன்டர் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, சுவரோடு ஒட்டிய 18 அங்குல ஆழ அலமாரியும், அதில் கீழ்நோக்கித் திறந்து மேசையாக நிற்கும் பலகையும் வைத்துக்கொள்வது நல்லது. இடத்துக்குப் பொருந்திய சிறிய அலமாரி, இடத்துக்குப் பொருந்தாத பெரிய கவுன்டரைக் காட்டிலும் பல மடங்கு பயன் தரும்.

தரையில் வரைந்து பாருங்கள்

காகிதத்தில் சரியாகத் தெரிகிற அளவு, அறைக்குள் நெருக்கமாக உணரப்படலாம். அதனால் மரம் வாங்கும் முன் தரையில் உண்மையான அளவிலேயே வரைந்துவிட வேண்டும். சாக்கட்டியால் கோடிழுக்கலாம், பளபளப்பான டைல்ஸ் தரையில் சாக்கட்டி நிற்காது என்பதால் காகித ஒட்டுநாடா வசதி. அறையின் மூலை உண்மையிலேயே செங்கோணம்தானா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். ஒரு சுவரில் மூலையிலிருந்து 3 அடியிலும், அடுத்த சுவரில் 4 அடியிலும் குறியிட்டு, இரண்டு குறிகளுக்கும் இடையே டேப்பைக் குறுக்காகப் பிடித்தால் சரியாக 5 அடி வர வேண்டும். அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் சுவர் கோணல் என்று பொருள். அந்தக் கோணலை ஆசாரியிடம் முன்னதாகச் சொல்லிவிட்டால், பக்கப்பலகையைச் சுவரின் போக்குக்குச் சீவிப் பொருத்துவார். சொல்லாவிட்டால் கடைசியில் சுவரோரம் ஒரு நீண்ட முக்கோண இடைவெளி நிற்கும்.

கோடுகளை இழுத்த பிறகு, அட்டைப்பெட்டிகளை அடுக்கி 42 அங்குல உயரத்துக்கு ஒரு போலிக் கவுன்டரை நிறுத்துங்கள். உள்ளே ஒருவர் நின்று, குளிர்பெட்டியின் கதவு அகலத்துக்கு வெட்டிய அட்டையைத் திறப்பதுபோல் பிடித்துப் பார்க்கட்டும். வெளியே நாற்காலியில் ஒருவர் உட்கார, அவர் பின்னால் இன்னொருவர் தட்டேந்தி நடக்கட்டும். அறைக் கதவையும் ஜன்னல் கதவையும் முழுவதும் திறந்து பாருங்கள். இரண்டு நாள் அந்தக் கோடுகள் தரையில் கிடக்கட்டும். வீட்டில் உள்ளவர்கள் எங்கே இடறுகிறார்கள், எங்கே சுற்றிப் போகிறார்கள் என்பது தானாகத் தெரிந்துவிடும். இந்த வேலைக்கு ஆகும் செலவு ஒரு சுருள் ஒட்டுநாடா மட்டுமே. கட்டி முடித்த கவுன்டரை ஓரடி நகர்த்த ஆகும் செலவை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

தண்ணீரும் மின்சாரமும்

கிளாஸ் கழுவும் தொட்டியும் குழாயும் உள்ள கவுன்டர் வேண்டுமா, இல்லாமலே சமாளிக்கலாமா என்பதை அறையின் இருப்பிடம்தான் தீர்மானிக்கும். சமையலறையோ குளியலறையோ துணி துவைக்கும் பால்கனியோ அந்த அறையின் சுவருக்கு மறுபக்கத்தில் இருந்தால், சுவரைத் துளைத்துக் குழாய் கொண்டுவருவது எளிது. கழிவுக் குழாய் ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில் சரிந்து போக வேண்டும். 8 அடி தொலைவு என்றால் 2 அங்குலச் சரிவு. அந்தச் சரிவுக்கு இடமில்லாமல், தரைத்தளத்தை வெட்டித்தான் குழாய் போக வேண்டும் என்றால் தொட்டியைக் கைவிடுவதே நல்லது. அடுக்குமாடியில் உங்கள் தரை என்பது கீழ்வீட்டின் கூரை. அங்கே கசிவு தொடங்கினால் அதைச் சரிசெய்வது பெரும்பாடு, சங்கத்தின் அனுமதியில்லாமல் தளத்தில் கை வைக்கவும் கூடாது. தொட்டி இல்லாத கவுன்டரிலும் குறை ஒன்றும் இல்லை. கழுவ வேண்டிய கிளாஸ்களை வைக்க ஒரு ஆழமான ஸ்டீல் தட்டும், பனிக்கட்டி உருகிய நீரை ஊற்ற மூடியுள்ள ஒரு வாளியும் இருந்தால் மாலைப்பொழுது தடையின்றிப் போகும்.

தொட்டி வைப்பதாக இருந்தால், 304 தர ஸ்டீலில் 15 அங்குலத்துக்கு உட்பட்ட சிறிய தொட்டி போதும். அதன் அடியில் பாட்டில் டிராப் என்ற, நீரைத் தேக்கி வைக்கும் குழாய்ப் பகுதி கட்டாயம் பொருத்தப்பட வேண்டும். அதில் எப்போதும் தேங்கி நிற்கும் நீர்தான் சாக்கடை வாடையும் கரப்பானும் மேலே வராமல் தடுக்கிறது.

மின்சார வேலையை மரவேலைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். குளிர்பெட்டிக்குத் தனியாக ஒரு பிளக், வேலைமேடைக்கு மேலே மிக்சிக்கு ஒரு பிளக், விளக்குகளுக்குத் தனி சுவிட்ச் என்று மூன்று இணைப்புகள் இருந்தால் போதும். மேடைப் பிளக்குகளைத் தொட்டியிலிருந்து குறைந்தது 2 அடி தள்ளி வையுங்கள். பிளக்குகளுக்கு 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியும், விளக்குகளுக்கு 1.5 சதுர மி.மீ. கம்பியும் போதுமானவை. ஈரக்கையோடு நிற்கிற இடம் என்பதால், வீட்டின் மின்பலகையில் மின்கசிவை உணர்ந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் எர்த் இணைப்பே இல்லாமல் மூன்று துளைப் பிளக் மட்டும் மாட்டியிருப்பதுண்டு. அதைச் சோதித்த பிறகே வேலை தொடங்க வேண்டும்.

மரமும் கல்லும் பாலிஷும்

கவுன்டரின் உடலுக்கு 18 அல்லது 19 மி.மீ. பிளைவுட் வேண்டும். கடைக்காரர் வாட்டர் புரூஃப் என்று சொல்வதை மட்டும் நம்பாமல், பலகையில் அச்சிட்டிருக்கும் இந்தியத் தர எண்ணைப் பாருங்கள். ஐ.எஸ். 710 என்றிருந்தால் அது கொதிநீரையும் தாங்கும் மரைன் வகை. தொட்டியைச் சுற்றியும் வேலைமேடைக்கு அடியிலும் இதையே போட வேண்டும். ஐ.எஸ். 303 என்பதில் ஈரம் ஓரளவு தாங்கும் பி.டபிள்யூ.ஆர். வகையும், வறண்ட இடத்துக்கு மட்டுமே ஏற்ற எம்.ஆர். வகையும் உண்டு, தண்ணீர் படாத பின்பக்க அலமாரிக்கு பி.டபிள்யூ.ஆர். போதும். அடிப்பெட்டியை நேராகத் தரையில் உட்கார வைக்காதீர்கள். 4 அங்குல உயரத்துக்குக் கடப்பா கல்லோ கிரானைட் துண்டோ கொடுத்து அதன்மேல் பெட்டியை நிறுத்தினால், தரை துடைக்கும் தண்ணீர் பலகையில் ஏறாது, கரையான் வருவதும் குறையும். பொருத்தும் முன் சுவரோரமும் பலகையின் பின்பக்கமும் கரையான் மருந்து பூசச் சொல்லுங்கள். பொருத்திய பிறகு அந்த இடங்களுக்குக் கை எட்டாது.

மேல்பலகையைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். தேக்கின் அழகில் மயங்கி அதற்கு பிரெஞ்சு பாலிஷ் போட்டுவிடும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அந்தப் பாலிஷ் அரக்கை ஆல்கஹாலில் கரைத்துச் செய்வது. ஆல்கஹாலில் கரைந்த பொருளை ஆல்கஹால் சிந்தும் இடத்தில் பூசினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விஸ்கி சிந்திய கிளாஸை எடுத்ததும் அடியில் வெள்ளை வளையம் தெரியும், துடைத்தால் பிசுபிசுக்கும். மரந்தான் வேண்டும் என்றால் இரண்டு பாகமாகக் கலந்து அடிக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சைக் கேளுங்கள். பளிங்கும் வேண்டாம். அது சுண்ணாம்புக்கல் இனத்தைச் சேர்ந்தது. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்தாலும் அந்த இடம் மங்கிவிடும். கிரானைட்டுக்கு இந்த இரண்டு தொல்லைகளும் இல்லை, நம் மாநிலத்திலேயே நல்ல கல் கிடைக்கிறது. குன்னம் கருப்பு போன்ற அடர்ந்த நிறக் கல் கம்பீரமாக இருக்கும்; ஆனால் மெருகேற்றிய கருங்கல்லில் கைரேகையும் நீர்த்தடமும் அப்படியே தெரியும் என்பதால், அடிக்கடி துடைக்க முடியாதவர்கள் மெருகு குறைந்த பரப்பையோ வெளிர் நிறக் கல்லையோ தேர்ந்தெடுக்கலாம்.

கல்லின் எடையைக் கணக்கில் வையுங்கள். 18 மி.மீ. கிரானைட் சதுர அடிக்கு சுமார் நாலரைக் கிலோ இருக்கும். 90 அங்குல நீளமும் 14 அங்குல அகலமும் உள்ள மேல்பலகை ஏறத்தாழ 40 கிலோ. அதில் 10 அங்குலம் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கப் போகிறது, அதன்மேல் மூன்று பேர் முழங்கையை ஊன்றப் போகிறார்கள். ஆகவே ஒன்றரை அடிக்கு ஒன்று வீதம் இரும்பு எல்-ஆங்கிளைச் சட்டகத்தில் போல்ட் போட்டு இறுக்கிய பிறகே கல் ஏற வேண்டும். விருந்தினர் பக்கத்து விளிம்பை முழு உருண்டையாக மோல்டிங் செய்யச் சொல்லுங்கள். கூர்மையான விளிம்பில் முன்கையை ஊன்றினால் சிறிது நேரத்தில் தோலில் கோடு பதியும். உருண்ட விளிம்பில் கை தானாகச் சாய்ந்துகொள்ளும்.

முன்பலகைக்கு லேமினேட் எளிது. இன்னும் அழகு வேண்டுமென்று ஆசைப்படுகிறவர்கள் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு ஒரு முறை போய்வரலாம்; இடித்த வீடுகளிலிருந்து வந்த தேக்குக் கதவுகளும் சட்டங்களும் அங்கே கிடைக்கின்றன. பல ஆண்டு உலர்ந்த அந்த மரம் புதிய மரத்தைப் போல அதிகம் முறுக்காது. பிளைவுட் பெட்டியின் முகப்பில் அந்தச் சட்டங்களைப் பொருத்தினால் கவுன்டருக்கு ஒரு தனி மரியாதை வந்துவிடும்.

கட்டும் வரிசை

வரிசை மாறினால் ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் உடைக்க வேண்டிவரும். முதலில் சுவரில் குழாயும் மின்கம்பியும் பதிந்து, பூச்சு காய்ந்து, பிரைமர் அடித்து முடிய வேண்டும். பிறகு கல் அடித்தளம். அதன்மேல் பின்பக்க அடிப்பெட்டியும் முன் சட்டகமும் நிற்கும். சட்டகத்தை நிறுத்தியதும் ஆசாரி ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பார்ப்பார். நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். தரை எங்கேயும் முழு மட்டமாக இருப்பதில்லை. தாழ்ந்த பக்கத்தில் பெட்டிக்கு அடியில் ஆப்பு கொடுத்து, குமிழி நடுவுக்கு வந்த பிறகே சட்டகத்தைத் தரையோடும் சுவரோடும் ஆங்கர் போல்ட்டால் இறுக்க வேண்டும். இறுக்கியதும் மேலே இரு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சிறிதளவு ஆடினாலும் அப்போதே குறுக்குச் சட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். கல் ஏறிய பிறகு அந்த ஆட்டம் இணைப்புகளில் விரிசலாக மாறும்.

கிரானைட் கடைக்காரரைச் சட்டகம் நின்ற பிறகே அளவெடுக்க அழைக்க வேண்டும். வரைபடத்தைப் பார்த்து வெட்டிய கல் பொருந்துவது அரிது. தொட்டியை முன்னதாகவே வாங்கி அவர் கையில் கொடுத்துவிட்டால், துளையை அதற்கேற்ப வெட்டுவார். கல் உட்கார்ந்த பிறகு சுவரோரத்திலும் தொட்டியைச் சுற்றியும் பூஞ்சை பிடிக்காத சிலிகான் அடித்து, ஒரு நாள் முழுவதும் தண்ணீர் படாமல் விட்டுவிடுங்கள்.

கால்வைக்கும் குழாயைப் பலர் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். 30 அங்குல இருக்கையில் உட்கார்ந்தவரின் கால் தரையைத் தொடாது. தொங்கும் கால் சற்று நேரத்தில் மரத்துப்போகும். ஸ்டூலிலேயே கால்தாங்கி இருந்தாலும், நின்றுகொண்டு பேசுபவர் ஒரு காலைத் தூக்கி வைக்க முன்பலகையில் ஒரு குழாய் தேவை. தரையிலிருந்து 8 அங்குல உயரத்தில், முன்பலகையிலிருந்து 5, 6 அங்குலம் தள்ளி, ஒன்றரை அல்லது இரண்டு அங்குல ஸ்டீல் குழாயைப் பொருத்தினால் போதும். அதைத் தாங்கும் கொக்கிகள் வெறும் பலகையில் இறங்காமல் உள்ளே இருக்கும் சட்டத்தில் இறங்க வேண்டும் என்பதால், சட்டகம் அமைக்கும் நாளிலேயே ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள்.

பின்பக்க அலமாரி

750 மி.லி. புட்டிகள் பெரும்பாலும் 12 முதல் 13 அங்குல உயரமும் 3 முதல் 3.5 அங்குல அகலமும் இருக்கும். தட்டுகளுக்கு இடையே 14 அல்லது 15 அங்குலம் விட்டால், தலையைப் பிடித்து எளிதாக எடுக்கலாம். ஆழம் 5 அங்குலம் இருந்தால் ஒரு வரிசை நிற்கும். இரண்டு வரிசை வைத்தால் பின்வரிசை கண்ணுக்குத் தெரியாமல் போய், இருப்பதே மறந்துவிடும். நிறைந்த புட்டி ஒன்று ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாது. 30 அங்குலத் தட்டில் ஏழெட்டுப் புட்டிகள் நின்றால் பத்துக் கிலோ. கண்ணாடித் தட்டு வைப்பதென்றால் 8 அல்லது 10 மி.மீ. டஃபன்ட் கண்ணாடி கேளுங்கள். அதைச் சூட்டில் பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது, முயன்றால் முழுக் கண்ணாடியும் சிறு துண்டுகளாக நொறுங்கிவிடும். எனவே தாங்கிகளைச் சுவரில் பொருத்திய பிறகு அளவெடுத்து, விளிம்பு மழுக்கவும் துளை போடவும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிளைவுட் தட்டுகளுக்கு 3 அடிக்கு ஒரு நடுத்தாங்கி கொடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் தொய்யும்.

நம் வெயிலுக்கு ஒரு வார்த்தை. மேற்குச் சுவர் மாலை முழுவதும் சூட்டை வாங்கி இரவில் உள்ளே விடும் என்பதால், அந்தச் சுவரில் புட்டி அலமாரி வேண்டாம். ஜன்னல் வெயில் நேராகப் படும் இடமும் கூடாது. விஸ்கி, ரம், பிராந்தி போன்றவற்றை நிற்க வைக்க வேண்டும். படுக்க வைத்தால் கார்க்கை அந்தச் சாராயச் செறிவு அரித்துவிடும். கார்க் உள்ள ஒயினோ நேர்மாறு, கார்க் உலராமல் இருக்கப் படுக்க வைக்க வேண்டும். கோடையில் 40 பாகை தொடும் ஊரில் ஒயினை அலமாரியில் மாதக்கணக்கில் வைப்பது சரிவராது. அதன் இடம் குளிர்பெட்டி. திறந்த ஒயினும், மூலிகை சேர்த்த ஒயினான வெர்மூத்தும் கிரீம் கலந்த மதுவகைகளும் அங்கேயே இருக்கட்டும். குளிர்பெட்டியை அடிப்பெட்டிக்குள் மூடி அடைத்துவிடாதீர்கள்; பக்கங்களிலும் பின்னாலும் 2, 3 அங்குலக் காற்றோட்டம் இல்லாவிட்டால் கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடிச் சீக்கிரம் பழுதாகும். தலைகீழாகத் தொங்கும் கிளாஸ் வரிசை பார்க்க அழகுதான். நம் தெருத் தூசிக்கும் மின்விசிறிக் காற்றுக்கும் கண்ணாடிக் கதவுள்ள அலமாரியே ஏற்றது.

பூட்டு இல்லாத புட்டி அலமாரியை, குழந்தைகள் உள்ள வீட்டில் நான் ஏற்க மாட்டேன். கண்ணாடிக் கதவுக்கும் மரக் கதவுக்கும் தனித்தனிப் பூட்டுகள் கிடைக்கின்றன. கதவு செய்யும்போதே பொருத்திவிடுங்கள். திறந்த தட்டுகளில் கிளாஸும் சிரப்பும் சோடாவும் மட்டும் இருக்கட்டும்.

விளக்கும் ஸ்டூலும்

எல்.இ.டி. பட்டை விளக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான இளமஞ்சள் நிறத்தில் இருந்தால் புட்டிகளின் நிறம் இயல்பாகத் தெரியும். அதற்கேற்ற மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் என்ற சிறு பெட்டியைக் காற்றுப்படும் இடத்தில், கை எட்டும்படி வையுங்கள். முதலில் பழுதாவது பெரும்பாலும் அதுதான். ஹாலோஜன் விளக்கு கிளப்பும் சூடு மதுவுக்கும் ஆகாது, மரத்துக்கும் ஆகாது. மேல்பலகைக்கு மேல் தொங்கும் விளக்கு வைத்தால் அதன் அடிப்பகுதி பலகையிலிருந்து 30 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அறையின் நடுவில் மின்விசிறி இருந்தால் தொங்கும் விளக்கு காற்றில் ஆடும். கூரையிலிருந்து வரும் வெளிச்சத்தை இறக்கைகள் வெட்டி வெட்டி அனுப்பினால், சில நிமிடங்களில் கண் சோர்ந்துவிடும். அப்படிப்பட்ட அறையில் விளக்கைச் சுவரிலும் தட்டுகளுக்கு அடியிலும் வைப்பதே சரி. மேடையில் மெழுகுவத்தியும் ஊதுவத்தியும் வேண்டாம். செறிவுள்ள மது எளிதில் தீப்பற்றும்.

ஸ்டூலைக் கடைசியில் வாங்குங்கள். கல் பொருத்திய பிறகு உயரத்தை மறுபடி அளந்தால், 42 என்று திட்டமிட்டது 42.5 ஆகியிருப்பது தெரியும். கடைகளில் ஒரே தோற்றத்தில் 24, 26 அங்குல ஸ்டூலும் 30 அங்குல ஸ்டூலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். டேப்பை வைத்து இருக்கை வரை அளந்து வாங்க வேண்டும். மெத்தை உள்ளது என்றால், உட்கார்ந்ததும் அது ஓர் அங்குலம் அமிழும். சக்கரம் வைத்த ஸ்டூல் டைல்ஸ் தரையில் வழுக்கும் என்பதால் தவிர்த்துவிட்டு, காலடியில் ரப்பர் உள்ளதாகப் பாருங்கள். உள்வழியில் வழுக்காத ரப்பர் பாய் ஒன்று விரித்துவிட்டால், கீழே விழும் கிளாஸுக்கும் நிற்கும் காலுக்கும் அது நல்லது.

வேலை முடிந்து முதல் ஒரு மாதம், தொட்டிக்கு அடியில் ஒரு காகிதத்தை விரித்து வைத்து, அது நனைகிறதா என்று வாரம் ஒரு முறை பாருங்கள். கீல்களும் எல்-ஆங்கிள் போல்ட்டுகளும் முதல் மாதத்தில் சற்றுத் தளரக்கூடும். ஒரு முறை இறுக்கிவிட்டால் பிறகு நிற்கும். நீண்ட நாள் பயன்படுத்தாத தொட்டியில் டிராப் நீர் வற்றி வாடை வரத் தொடங்கும் என்பதால், ஊருக்குப் போய்த் திரும்பியதும் ஒரு சொம்பு தண்ணீரை அதில் ஊற்றிவிடுங்கள்.